பூவைப் பார்த்துக்கொள்ள வந்தவள்

என் தகரப் பெட்டியின் அடியில் ஒரு சிவப்புச் சீட்டு கிடக்கிறது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். 'முதற் பரிசு' என்று ஆங்கிலத்தில் அச்சடித்து, அதன் கீழே என் பெயரை யாரோ அழகாக எழுதியிருக்கிறார்கள். வேட்டி எடுக்கும்போது சில நாள் கையில் தட்டுப்படும். உடனே துணியைப் போட்டு மூடிவிடுவேன். கிழித்துப் போடத் துணிவில்லை. சுவரில் மாட்ட முகமில்லை. அப்படியே கிடக்கிறது.

அப்போது நான் பலாபத்வலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பெரிய கிளாக்கர். விடியற்காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்கு ஆள் கூடியதிலிருந்து பொழுது சாயும் வரை ஆபீஸ்தான். தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரின் பெயரையும் நாள் தவறாமல் செக்ரோல் பதிவேட்டில் எழுதுவேன். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று தோட்டத்து வெள்ளைக்காரத் துரையே சொல்லியிருக்கிறார். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கோபமும் உண்டு. ஆபீஸில் துரையிடம் வாங்கியதை வீட்டில் வந்து இறக்கிவைக்கிற கோபம் அது.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான் வேறு ஆள். அன்று என் மனைவி அதிகாலையிலேயே சோறு வடித்து, தேங்காய்ச் சம்பலும் கருவாட்டுப் பொரியலும் வைத்து வாழையிலையில் மூன்று கட்டு கட்டிவிடுவாள். எனக்கொன்று, அவளுக்கொன்று, எங்கள் ஒரே மகளுக்குச் சின்னதாக ஒன்று. தேயிலை முடிந்து, ஏலக்காய்த் தோட்டமும் தாண்டினால் காடு. காட்டுக்குள் ஓயா என்கிற சிற்றாறு ஒன்று, பாறைக்குப் பாறை தாவிக்கொண்டு இறங்கும். அட்டை ஏறாமல் இருக்கக் காலில் சவுக்காரத்தைத் தேய்த்துக்கொண்டு போவோம். நான் தண்ணீரில் கிடப்பேன். மகள் கூழாங்கல் பொறுக்குவாள். என் மனைவி மட்டும் மரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பாள்.

அவளுக்குச் செடிப் பைத்தியம். ரோஜா, கனகாம்பரம் என்று ஊரார் வைக்கிற செடியில் அவளுக்கு ஆசையில்லை. பாறை இடுக்கில் முளைக்கிறது, மரத்துக் கிளையில் ஒட்டிக்கொண்டு காற்றைக் குடித்து வாழ்கிறது, அதெல்லாம்தான் வேண்டும். எங்கள் வீட்டுப் பின்புறம் முழுக்க மண்ணெண்ணெய் டின்னும் தேங்காய் மட்டையும் தொங்கும். குனியாமல் கிணற்றடிக்குப் போக முடியாது. தலையில் இடித்துக்கொண்டு நான் கத்துவேன்.

"இந்தா, வீடா இது, காடா?"

"காட்டுக்குப் போனா மட்டும் சிரிச்சிக்கிட்டு வர்றீங்க. காடு வீட்டுக்கு வந்தா கத்துறீங்க" என்பாள். துண்டை உதறிக்கொண்டு போய்விடுவேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவள் என் பெயரைச் சொல்ல மாட்டாள். எங்கள் பக்கத்துப் பெண்கள் யாருமே புருஷன் பெயரைச் சொல்வதில்லை. சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று கேட்டு வளர்ந்தவர்கள். ஆனால் இவள் மற்றவர்களை விட ஒரு படி மேல். என் பெயரில் ஒரு சாமியின் பெயர் இருந்ததால், அந்தச் சாமியையே "மலை மேல இருக்கிற சாமி" என்றுதான் சொல்வாள். மாத்தளைக் கோவிலில் என் பேருக்கு அர்ச்சனை செய்யும்போது ஐயர் "பேரு?" என்று கேட்டால், மகளை முன்னால் தள்ளுவாள். மகள் கணீரென்று சொல்வாள். மகள் பிறப்பதற்கு முன் பக்கத்தில் நிற்கிற யாரையாவது கெஞ்சுவாளாம். எனக்கு இது சிரிப்பாகவும் இருக்கும், பெருமையாகவும் இருக்கும்.

நானும் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா", "ஏ புள்ள", அவ்வளவுதான். அதற்கு சாமி காரணமில்லை, ஆயுசு காரணமில்லை. தேவைப்படவில்லை.

ஒரு பெருமழைக்குப் பிறகு ஓயாக்கரையில் பெரிய மரமொன்று சாய்ந்து கிடந்தது. அதன் கிளையில் ஒரு செடி. தடித்த வார் வாரான இலை, வெள்ளை வேர். என் மனைவி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி வேர் அறாமல் பிரித்தெடுத்தாள். அரை நாள் அதிலேயே போயிற்று. என் சோற்றுக் கட்டில் எறும்பு ஏறிவிட்டது என்று நான் குதித்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு மரத்துண்டில் கயிற்றுத் தும்பு வைத்துக் கட்டினாள். அடுப்புக்கரியும் உடைந்த ஓட்டுச் சில்லும் சுற்றி வைத்தாள். அரிசி கழுவிய தண்ணீரைப் புளிக்கவிடாமல் அன்றன்றைக்குத் தெளிப்பாள். வெயில் திரும்பத் திரும்ப அதையும் இடம் மாற்றித் தொங்கவிடுவாள். ஒரு வருடம் ஆயிற்று, பூக்கவில்லை. இரண்டு வருடமும் அப்படியே. "உன் செடி எப்பதான் பூக்கும், மகளுக்குப் பேரன் பொறந்த பொறகா?" என்று கேலி செய்வேன். மூன்றாம் வருடம் சித்திரை பிறந்து இரண்டு வாரம் கழித்து, மூன்று பூங்குலை இறங்கியது. வெள்ளையில் ஊதாப் புள்ளி, நரிவால் போலச் சடைசடையாக. காலையில் கதவைத் திறந்தால் வாசம் அடுக்களை வரைக்கும் வரும். நான் துண்டும் கையுமாக அங்கேயே நின்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

அதே மாதம் மாத்தளைப் பட்டணத்தில் பூக்காட்சி. துரைமார் வீட்டு அம்மாக்கள் கூடி வருஷா வருஷம் நடத்துவது. அந்த வருடம் யாரும் கலந்துகொள்ளலாம் என்று ஆபீஸுக்கு அறிவிப்பு வந்தது. விண்ணப்பத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் விரித்தேன். பூவைக் கொண்டுவருகிறவரே தன் கையால் வளர்த்திருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. படித்தேன். படித்துவிட்டுத்தான் என் பெயரை எழுதினேன்.

அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள். "அதுல யாரு பேருங்க போடுறீங்க?"

"என் பேருதான். பின்ன?"

அகப்பையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "என் பேரையும் போடலாமாங்க?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உன் பேரு யாருக்குத் தெரியும்? பொம்பள பேர எழுதி அனுப்புனா ஆபீஸ்ல சிரிப்பானுங்க" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றாள். அடுப்பை ஊதுகிற சத்தம் கேட்டது. அவள் அதுவரை என்னிடம் புடவை கேட்டதில்லை, நகை கேட்டதில்லை. கேட்டது அந்த ஒன்றுதான். அதுகூட எனக்கு அப்போது உறைக்கவில்லை.

காட்சி நாளன்று பலாபத்வலை வரை மாட்டு வண்டியில் போய், அங்கிருந்து பஸ் ஏறினோம். பூ உதிராமல் இருக்க, செடியை மடியில் நிறுத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள் அவள். வேரில் சுற்றிய ஈரத் தும்பிலிருந்து தண்ணீர் சொட்டிச் சொட்டி, உடுத்தியிருந்த நல்ல புடவையில் கரித் தண்ணீர்க் கறை பெரிதாகப் படிந்துவிட்டது. இறங்கியதும் நான் அதைப் பார்த்தேன். கொட்டகைக்கு வெளியே அரசாங்கக் கச்சேரி உத்தியோகத்தர்களின் பெண்சாதிகள் செருப்பும் கைப்பையுமாக நின்றார்கள். நான் பூவை மேசையில் வைத்துவிட்டு, "நீ இங்கயே நின்னு பாத்துக்க. நான் புள்ளைக்கு சர்பத் வாங்கிக் குடுத்துட்டு வர்றேன்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். உண்மையில் அந்தக் கறைப் புடவைக்குப் பக்கத்தில் நிற்க எனக்கு வெட்கமாக இருந்தது.

திரும்பி வரும்போது எங்கள் துரை எதிரே வந்தார். மேசைப் பக்கம் கையைக் காட்டி, அந்தப் பூ உன்னுடையதாமே, நீயா வளர்த்தாய் என்று இங்கிலீஷில் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆமாம் என்றேன். நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. சாய்ந்த மரம், கரி, ஓட்டுச் சில்லு, அரிசி கழுவிய தண்ணீர், வெயில் பார்த்து இடம் மாற்றுவது என்று அவள் செய்த அத்தனையையும் 'நான், நான்' என்று சொல்லிக்கொண்டே போனேன். துரை வியந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

அந்த நேரத்தில்தான் எங்கள் மேசை முன்னால் நடுவர் வந்து நின்றாள். தொப்பி வைத்த வயதான வெள்ளைக்கார அம்மா. பக்கத்தில் மொழிபெயர்க்கக் கச்சேரி உத்தியோகத்தர் ஒருவர், யாழ்ப்பாணத்துக்காரர். பங்களாத் தோட்டத்துச் செடியை இரவல் வாங்கிவந்து சிலர் பரிசு வாங்குகிறார்கள் என்று அந்த வருடம் புகார் இருந்ததாம். அதனால் மேசைக்கு மேசை விசாரணை.

"இது ஆரின்ர பூ?" என்று அவர் என் மனைவியிடம் கேட்பது எனக்குக் கேட்டது.

"எங்க வீட்டுதுங்க."

"சரி, ஆரின்ர பேரில பதிஞ்சிருக்கு? பேரைச் சொல்லுங்கோ."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேர் தெரியாதோ?"

"தெரியுங்க."

"தெரிஞ்சால் சொல்லுங்கோவன்."

அவள் முந்தானையைத் திருகிக்கொண்டு, மகள் எங்கே என்று கண்ணால் தேடினாள். கோவிலில் அர்ச்சனைக்குத் தேடுகிற மாதிரியே. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டத்துக்கு மேலாக அவள் பார்வை என்மேல் விழுந்தது. அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். இதோ இவர் வந்துவிட்டார், இனிப் பயமில்லை என்கிற நிம்மதி.

"அப்பா, அம்மா தேடுறாங்க" என்று மகள் கையை இழுத்தாள். நான் போனேன். துரையும் பின்னாலேயே வந்தார்.

இந்தப் பெண்ணுக்குச் செடி யாருடையது என்றே தெரியவில்லை என்று உத்தியோகத்தர் நடுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொல்லி, செடி என்னுடையதுதான் என்றேன். உங்கள் கையாலேயே வளர்த்ததா என்று அந்த அம்மா கேட்டாள். நான் வாயைத் திறக்கும் முன் துரை முந்திக்கொண்டு, இப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாக விளக்கினார், இவரைத் தவிர யாருக்கும் இவ்வளவு தெரியாது என்றார். நடுவர் சிரித்துத் தலையசைத்தாள்.

உத்தியோகத்தர் மட்டும் விடவில்லை. என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார். "அப்ப இவ ஆர்?"

என் சம்சாரம் என்று சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் சொன்னால் துரை அவளிடம் இரண்டு கேள்வி கேட்பார், அவள் வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள் என்கிற பயம். கறைப் புடவை, வெறும் கால், இவளா கிளாக்கரின் மனைவி என்று பார்ப்பார்களே என்கிற வெட்கம். இரண்டும் சேர்ந்து என் வாயில் வந்து உட்கார்ந்துகொண்டன.

"பூவப் பாத்துக்க வந்தவங்க" என்றேன்.

தமிழில்தான் சொன்னேன். அவளுக்குப் புரியாத பாஷையில் சொல்லியிருந்தாலாவது கொஞ்சம் மிச்சம் இருந்திருக்கும். மகள் என்னை அண்ணாந்து பார்த்தாள். என் மனைவி பார்க்கவில்லை. ஒரு அடி பின்னால் நகர்ந்து, மேசைக்குப் பக்கத்தில் வேலைக்காரி நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நடுவர் சிவப்புச் சீட்டைச் செடியில் குத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

திரும்பும்போதும் செடியை அவள்தான் மடியில் வைத்திருந்தாள். பஸ்ஸில் மகள் சும்மா இருக்கவில்லை. "அம்மாவ ஏம்ப்பா அப்படிச் சொன்னீங்க?" என்றாள்.

"அப்பா களைச்சுப் போயிருக்காங்க. பேசாம இரு" என்று அவள் வாயைப் பொத்தினாள் என் மனைவி.

அன்றைக்கு அவள் என்னைத் திட்டியிருந்தால், பாத்திரத்தைத் தூக்கி எறிந்திருந்தால், நான் பதிலுக்குக் கத்தி, சண்டை போட்டு, கடைசியில் மன்னிப்பும் கேட்டிருப்பேன். அவள் வழக்கம்போல் சோறு போட்டாள். வழக்கம்போல் வெந்நீர் வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது பலகையில் இரண்டு சோற்றுக் கட்டுதான் இருந்தது.

"நீங்களும் புள்ளையும் போயிட்டு வாங்க. எனக்கு வேலை இருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் காட்டுக்கு எங்களோடு வரவேயில்லை. சில வாரம் கழித்து ஓயாக்கரையில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது, எதிரே ஒரு மரத்தின் கிளையில் அந்தச் செடியைப் பார்த்தேன். கறைபட்ட புடவையிலிருந்து கிழித்த துண்டால் பத்திரமாகக் கட்டியிருந்தது. நான் ஆபீஸில் இருந்த ஏதோ ஒரு நாளில் மலையேறி வந்து கட்டிவிட்டுப் போயிருக்கிறாள்.  ஈரத் துண்டோடு அப்படியே பாறையில் உட்கார்ந்திருந்தேன். மகள் பசிக்கிறது என்று சொல்லும் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

தப்பைத் திருத்த எனக்கு இன்னொரு சந்தர்ப்பமும் வந்தது. அதற்காகத்தான் என்னையே நான் மன்னிக்க முடியாமல் இருக்கிறேன். பரிசு வாங்கிய பேர் பரவி, துரையின் மனைவி துரைசாணி தன் செடியொன்றைப் பங்களாச் சமையல்கார அப்புவிடம் கொடுத்தனுப்பினாள். எங்கேயோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த செடி, வாடுகிறது, கிளாக்கர் பார்த்துக் கொடுக்கட்டும் என்று. நான் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். இலை மஞ்சளாகி அடியில் அழுகல் வாடை வந்தது. துரைசாணியின் செடி செத்தால் என் பேர் என்னாவது என்று நடுங்கி, கடைசியில் அவளிடமே போனேன்.

"இதுக்கு என்ன செய்யணும்? கொஞ்சம் பாரு."

அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கென்னங்க தெரியும்? நான் பாத்துக்க வந்தவ தானே" என்றாள். குரலில் கோபமே இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள்.

மறுநாள் பார்த்தால் செடி நான் வைத்த இடத்தில் இல்லை. பின்புறக் கூரையடியில், நிழலில் தொங்கியது. அழுகிய வேரை வெட்டி, அடுப்புச் சாம்பல் பூசி, சட்டியை மாற்றியிருந்தாள். என்மேல் எவ்வளவு வருத்தம் இருந்தாலும் செடி சாவதை அவளால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இரண்டு மாதத்தில் புது வேர் வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு பங்களாவுக்கு ஏறும்போது, வழி நெடுக ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு போனேன். 'இதைப் பிழைக்க வைத்தது என் மனைவி, அந்தப் பரிசும் அவளுடையது.' இலக்கணப் பிழை வராமல் பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன்.

துரைசாணி செடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உன் கையில் ஏதோ மந்திரம் இருக்கிறது என்றாள். பக்கத்தில் துரை பைப் புகைத்துக்கொண்டு சிரித்தார். "நன்றி அம்மா" என்று சொல்லிக் குனிந்துவிட்டு வந்தேன்.

வாசலில் என் மனைவி நின்றிருந்தாள். "புது வேர் விட்டிருக்கே, அத பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

"பாத்தாங்க."

"அது போதும்" என்றாள். முகம் உண்மையாகவே மலர்ந்திருந்தது. 

உலக யுத்தம் முடிந்த வருடம் நான் வேலையை விட்டு, மாத்தளைப் பட்டணத்தில் இந்த வீட்டுக்கு வந்தேன். தோட்டத்தை விட்டுக் கிளம்பிய அன்று, வண்டியில் சாமான் ஏற்றும்போது அவளைக் காணவில்லை. ஒரு மணி நேரம் கழித்துக் கால் முழுக்க அட்டைக்கடியோடு வந்தாள். மடியில் அந்தச் செடியின் ஒரு கிளை. இப்போது முன்வாசல் பாக்கு மரத்தில் அது பிடித்து, வருடா வருடம் பூக்கிறது. போகிற வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள்.

போன மாதம், என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கிற புதிய கிளாக்கர் என்னைப் பார்க்க வந்தார். சின்ன வயது. பூவைப் பார்த்ததும் செருப்பைக் கழற்றாமலே நின்றுவிட்டார். "ஐயா வளத்ததுங்களா? தோட்டத்துல இன்னமும் ஒங்க பரிசப் பத்திப் பேசுறாங்க" என்றார்.

பத்து வருடமாகத் தொண்டையில் நின்றது அன்று வெளியே வந்தது. என் மனைவி தேநீர்த் தட்டோடு வாசலில் வந்து நிற்பதையும் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன். "இல்ல தம்பி. நான் வளத்ததில்ல. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. எல்லாம் இவ வளத்தது. பரிசும் இவளுது" என்றேன். கூடவே அவள் பெயரையும் சொன்னேன். என் வாயில் அந்தப் பெயர் பழக்கமில்லாமல் தடுக்கியது.

 அவள் தட்டை முக்காலியில் வைத்து, வந்தவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஐயா சும்மா சொல்றாங்க தம்பி. வயசாயிருச்சுல்ல, இப்படித்தான் ஏதாச்சும் பேசுறாங்க. அவங்க வளத்ததுதான். நான் பாத்துக்கிறது மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வந்தவர் அதை நம்பிவிட்டார். என் அடக்கத்தை மெச்சுகிற மாதிரி தலையை ஆட்டிக்கொண்டே தேநீரைக் குடித்தார். தன் வீட்டிலும் ஒன்று வைக்க ஆசை என்றார். எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும் ஐயா என்று என்னிடம் கேட்டார். உள்ளே அடுக்களையில் அவள் அரிசி கழுவுகிற சத்தம் கேட்டது. எனக்குத் தெரியாது என்றேன்.